தொட்டிச் சாவிக்காரியின் பெயர்

பஹியாவின் இரண்டாவது மகளுக்கு அவள் பிறப்பதற்கு முன்பே பெயர் முடிவாகிவிட்டது. அலெப்போவிலிருந்து வந்த குடும்பங்களில் முதல் பெண்ணுக்கு அப்பாவைப் பெற்றவளின் பெயர், இரண்டாவது பெண்ணுக்கு அம்மா வீட்டுப் பெயர். மூத்தவளுக்கு மாமியார் லதீபாவின் பெயரை வைத்துக் கடன் தீர்த்தாயிற்று. இந்த முறை உரிமை பஹியாவுடையது. அவளை எடுத்து வளர்த்த பெரியம்மா ஹுல்தா போன குளிர்காலத்தில்தான் கண்ணை மூடினாள். ஆகவே குழந்தை ஹுல்தா. இதில் பேச என்ன இருக்கிறது?

பேச இருந்தது. எபிரேயத்தில் ஹுல்தா என்றால் எலி. வேதகாலத்தில் அந்தச் சொல் குறித்தது எலியையா, கீரியையா, வளை தோண்டும் வேறு எதையாவதா என்று படித்தவர்கள் விடிய விடியச் சண்டை போடலாம். எருசலேம் சந்தையில் அது எலிதான், வாலோடும் மீசையோடும்.

குழந்தையின் அப்பா ரஃபூல் அந்தச் சந்தையில்தான் ஊறுகாய்க் கடை வைத்திருந்தான். ஒலிவக்காய், உப்பு எலுமிச்சை, வெள்ளரி என்று பீப்பாய் பீப்பாயாக. தின்கிற சாமான் விற்கிறவனின் வீட்டில் எலி என்று பெயர் வைத்தால் ஊர் சும்மா இருக்குமா? எதிரே பாலாடைக்கட்டி விற்கும் ஷப்தாய்க்கு விஷயம் எப்படியோ எட்டிவிட்டது. வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே, பெயர் வைக்கிற கையோடு ஒரு பூனையும் வாங்கிவிடச் சொன்னான். ஒலிவக்காய் வாங்க வந்த பெண்மணி பீப்பாய்க்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று போய்விட்டாள். அவள் போன பிறகு ரஃபூல் தானும் ஒருமுறை பீப்பாய்க்குள் எட்டிப் பார்த்தான்.

ரஃபூல் கெட்டவன் இல்லை. நாலு பேர் சிரித்தால் தாங்கமாட்டான், அவ்வளவுதான். அந்த வெள்ளிக்கிழமை மதியம் கடையைச் சாத்திவிட்டு வந்தவன், தொட்டிலைப் பார்த்தபடி, மல்கா என்ற பெயர் எப்படி என்று மெல்ல இழுத்தான். மல்கா என்றால் ராணி. யார் சிரிப்பார்கள்?

"ராணிங்க சந்தைல தடுக்கி விழுந்தா நாலு பேரு இருக்காங்க," என்றாள் பஹியா. "வேதம் முழுக்கத் தேடினாலும் ஹுல்தா ஒருத்திதான்."

அது உண்மை. சகரியாக்கள் எத்தனையோ பேர், அசரியாக்கள் அதற்கு மேல். ஹுல்தா என்ற பெயரோடு வேதத்தில் வருகிறவள் ஒருத்தி மட்டும். யோசியா அரசன் காலத்தில் ஆலயத்தைப் பழுதுபார்க்கும்போது பழைய நியாயப்பிரமாணச் சுருள் கிடைத்தது. வாசிக்கக் கேட்ட அரசன் உடையைக் கிழித்துக்கொண்டு, இதன் பொருளைக் கடவுளிடம் கேட்டு வாருங்கள் என்று பெரிய ஆசாரியனையே அனுப்பினான். பெரிய தீர்க்கதரிசி எரேமியா அப்போது உயிரோடு இருந்தவர்தான். ஆனால் அவர்கள் போய் நின்றது அரண்மனை உடைகளைக் காக்கும் வஸ்திரசாலைக்காரனின் மனைவி, தீர்க்கதரிசினி ஹுல்தாவின் வாசலில். அவள் எழுந்து நிற்கவும் இல்லை, வணங்கவும் இல்லை. அரசன் என்று சொல்லாமல், உங்களை அனுப்பின மனுஷனிடம் போய்ச் சொல்லுங்கள் என்றுதான் ஆரம்பித்தாள். இவ்வளவு தலைக்கனம் பிடித்தவளுக்கு இந்த அசிங்கமான பெயர் தகும் என்று பிற்காலத்துப் பண்டிதர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுத்து என்ன பயன்? ஆலயத்தின் தென்புற வாசல்களுக்கு அவள் பெயர்தான். எருசலேம் இரண்டாகப் பிரிந்து, இப்போது அவை முள்வேலிக்கு அந்தப்பக்கம், எதிரி நாட்டின் கையில் இருந்தாலும் பெயர் பெயர்தானே.

பெரியம்மாவும் அந்த வார்ப்புதான். நாற்பத்தெட்டுப் போரில் ஊர் முற்றுகைக்குள் மாட்டி, சமவெளியிலிருந்து வந்த குழாய்த் தண்ணீர் நின்றபோது, பல குடும்பங்கள் சுற்றிக் குடியிருந்த முற்றத்துக்கு அடியிலிருந்த மழைநீர்த் தொட்டியை எல்லோருமாகச் சேர்ந்து பூட்டினார்கள். சாவியை யாரிடம் கொடுப்பது என்ற கேள்விக்கு எல்லார் வாயிலும் வந்தது ஒரே பெயர். ஹுல்தா யாரோடும் ஒட்டமாட்டாள், அதனால் யாருக்கும் சலுகை காட்டவும் மாட்டாள். சாவியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, தினம் காலையில் வரிசையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தகர டப்பாவில் அளந்து ஊற்றினாள். முதுகுக்குப் பின்னால் தொட்டி எலி என்று சிரித்த வாய்கள் எல்லாம் அவள் அளந்த தண்ணீரைத்தான் குடித்தன. ஒருநாள் ஒரு தளபதியின் ஆள் வந்து, ஐயா முகம் மழிக்கத் தனியாகத் தண்ணீர் கேட்கிறார் என்றான். அவளும் அப்படியேதான் ஆரம்பித்தாள்.

"உன்ன அனுப்புன மனுஷன்கிட்ட போய்ச் சொல்லு. இங்க தலைக்கு ஒரு டப்பா. அவருக்குத் தலை ஒண்ணுதானே?"

அந்தக் கதையை முற்றம் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கும். லதீபாவிடம் வேறு கதை ஒன்று இருந்தது. மகன் ரஃபூல் காய்ச்சலில் கிடந்தபோது ஒரு டப்பா கூடுதலாகக் கேட்டாளாம். அத்தனை பேர் நிற்கிற வரிசையில் ஹுல்தா முடியாது என்று சொல்லிவிட்டாளாம். ரஃபூலுக்கும் பஹியாவுக்கும் கல்யாணப் பேச்சு வந்தபோதுகூட அதைச் சொல்லிக்காட்டினாள். கதையை அவள் எப்போதும் அந்த இடத்தில் நிறுத்திவிடுவாள்.

அதற்குப் பின் நடந்தது பஹியாவுக்குத் தெரியும். அப்போது அவள் சின்னப் பெண். வரிசை கலைந்ததும் பெரியம்மா தன் பங்கு டப்பாவைத் தூக்கிக்கொண்டு லதீபாவின் கதவைத் தட்டினாள். பாதியை அவர்கள் பானையில் ஊற்றினாள். நலமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. காய்ச்சல் இறங்கும்வரை தினமும் அப்படித்தான். இதை வெளியே சொல்லக்கூடாது என்று பஹியாவிடம் சொல்லியிருந்தாள். பஹியாவும் இத்தனை வருஷமாகச் சொன்னதில்லை.

ரஃபூலுக்கும் தெரியாமலா இருக்கும்? குடித்தவன் அவன்தானே.

"சரி, சரி. நாளைக்கு ஹுல்தான்னே சொல்லிடறேன்," என்றான். பஹியா நம்பினாள். மூலையில் லதீபா ஒன்றும் பேசாமல், சர்க்கரை பூசிய பாதாமைச் சின்னச் சின்னப் பைகளில் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் பேசாமல் இருந்தது பஹியாவுக்குச் சரியாகப் படவில்லை.

மறுநாள் ஓய்வுநாள். ஜெப ஆலயத்தின் மேல்மாடத்தில், மரச்சல்லடைக்குப் பின்னால், முற்றத்துப் பெண்கள் எல்லாரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு கைப்பிடி பாதாம். கீழே குழந்தையின் அப்பா தோரா என்ற வேதச் சுருளின் முன் நின்று குருவின் காதில் பெயரைச் சொல்வார், குரு அதை உரக்கச் சொல்லி ஆசீர்வதிப்பார். உடனே மேலேயிருந்து குலவையும் பாதாமும் கொட்டும், அதன் பிறகு எல்லாரும் ஆமென் சொல்வார்கள். அந்த ஆலயத்தில் பாதாம் விழாமல் ஆமென் கிடையாது. பஹியா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முதல் வரிசையில் இருந்தாள். பக்கத்தில் லதீபா.

ரஃபூலை அழைத்தார்கள். போனான். முதல் பெஞ்சில் ஷப்தாய் உட்கார்ந்திருந்தான், வழுக்கை பளபளக்க, வாயோரத்தில் ஒரு சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு. ரஃபூல் அவனை ஒருதரம் பார்த்தான். பிறகு குருவான ஹாகாம் நிசிமின் காதருகே குனிந்தான்.

"மல்கா, ரஃபூலின் மகள்," என்று குருவின் குரல் எழுந்தது.

பஹியாவுக்குக் காது வரை கொதித்தது. கையிலிருந்த பாதாமை நகம் பதியும்படி மூடிக்கொண்டாள். இனி எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள். பின்னால் இருப்பவர்களுக்கு என்ன தெரியும்? பெயர் என்று ஒன்று கேட்டதும் வீசத்தான் போகிறார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்ததும் தெரிந்தது.

அந்தக் கையின் மணிக்கட்டை லதீபா பிடித்துக் கீழே இறக்கினாள். யாரையும் பார்க்கவில்லை. தன் மூடிய கையை எல்லாருக்கும் தெரியும்படி சல்லடைக் கட்டையின் மேல் வைத்தாள். ஒவ்வொரு கையாக மூடிக்கொண்டது.

கீழே ஆண்கள் வாயைப் பிளந்து மேலே பார்த்தார்கள். ஒரு பாதாம் விழவில்லை. ஒரு குலவை இல்லை. ஹாகாம் ஆலயப் பணியாளரை மேலே அனுப்பினார். அவர் மூச்சுவாங்கப் படியேறி வந்து, என்ன ஆயிற்று என்று ஹாகாம் கேட்கிறார் என்றார்.

பஹியா எழுந்திருக்கவில்லை.

"உங்கள அனுப்புன மனுஷன்கிட்ட போய்ச் சொல்லுங்க. எம்பொண்ணு பேரு அது இல்ல. அப்பாக்காரருக்குப் பேரு நல்லாவே தெரியும், வாய்தான் வரல."

ஹாகாமை மனுஷன் என்பதா! பணியாளரின் முகம் வெளுத்தது. ஆனாலும் சொன்னதை மாற்றாமல் கொண்டுபோய்ச் சொன்னார். ஹாகாம் நிசிம் மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டார். அந்த வார்த்தை எங்கிருந்து வருகிறது என்று அவருக்கா தெரியாது? கண் மேல்மாடத்துக்குப் போனது, தாடிக்குள் சிரிப்பு மெல்லப் பரவியது.

"ராஜாவுக்கே இப்படித்தான் பதில் போச்சு, ரஃபூல். நான் எம்மாத்திரம்? பேரச் சொல்லுப்பா."

ரஃபூல் ஷப்தாயைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். கடை, வாடிக்கை என்று ஏதோ முனகினான். அப்போது சல்லடைக்குப் பின்னாலிருந்து லதீபாவின் குரல் வந்தது. சத்தம் போடவில்லை, போடத் தேவையும் இருக்கவில்லை.

"ரஃபூல். காய்ச்சல்ல கெடந்தியே, அப்ப நீ குடிச்சது யாரு பங்குத் தண்ணி?"

இத்தனை வருஷமாகப் பாதியில் நிறுத்திய கதையை லதீபா, தோரா சுருள் திறந்திருக்கும்போது, தன் வாயால் முடித்துக்கொண்டிருந்தாள். பஹியாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கவில்லை, நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள்.

"ஹுல்தா பங்கும்மா," என்றான் ரஃபூல்.

"கேக்கல."

"ஹுல்தா," என்றான். இந்த முறை தெருவுக்கே கேட்டிருக்கும். பிறகு ஹாகாமின் பக்கம் திரும்பி, தோளை நிமிர்த்திக்கொண்டு, யாரும் கேட்காமலே இன்னொரு தரமும் சொன்னான். "ஹுல்தா. எம்பொண்ணு பேரு ஹுல்தா."

லதீபாவின் முதல் பாதாம் ஷப்தாயின் வழுக்கையில் போய் விழுந்தது. குறி தவறிவிட்டதாக யாரும் சொல்லவில்லை. அதன் பின் மேல்மாடமே கவிழ்ந்ததுபோல் பாதாம் கொட்டியது, குலவையில் விளக்குகள் ஆடின, ஷப்தாய் தலையைத் தடவிக்கொண்டே எல்லாரோடும் சேர்ந்து ஆமென் சொன்னான். ஒருகாலத்தில் அவனும் அந்த வரிசையில் டப்பாவோடு நின்றவன்தான்.

பஹியா மாமியாரின் பக்கம் திரும்பினாள். அத்தை என்று மட்டும் வந்தது. லதீபா அவளைத் திரும்பிப் பார்க்காமல் குழந்தையின் போர்வையை இழுத்துவிட்டாள்.

"பேரு அவளோடதா இருக்கட்டும். மூஞ்சியாவது நம்ம பக்கம் வரட்டும்."

குழந்தை கண்ணைத் திறந்தது. புருவத்தைச் சுருக்கி, சிரிக்காமல், இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. காலையில் தண்ணீர் வரிசையைப் பெரியம்மா ஹுல்தா பார்த்த அதே பார்வை. லதீபா தன்னையறியாமல் நேராக நிமிர்ந்து உட்கார்ந்தாள்.