பெயர் கொடுக்காதவர்கள்

இருபத்தேழாவது பெயரைப் பென்சிலால் அழுத்தி எழுதி முடித்தாள் தங்கம்மாள். நாளை மாதத்தின் முதல் ஞாயிறு, நற்கருணை. அப்பமும் திராட்சை ரசமும் வாங்க விரும்புகிறவர்கள் முந்தின நாளே போதகர் வீட்டுக்கு வந்து பெயர் கொடுத்துவிட வேண்டும். மிஷன் காலத்திலிருந்தே அந்தச் சபையில் உள்ள வழக்கம். போதகரின் மனைவி என்பதால் நோட்டு தங்கம்மாளிடம் இருந்தது. பெயர் கொடுக்காதவர்களை யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். ஏதோ பாவத்தை மனதில் வைத்திருக்கிறார்கள் என்று அவரவரே முடிவு செய்துகொள்வார்கள்.

"அருணா டீச்சர் பேரு இந்த மாசமும் இல்லியாம்மா?" பெயர் கொடுக்க வந்த சரசு நோட்டை எட்டிப் பார்த்தாள். "மூணு மாசம் ஆச்சு. தனியா ரூம் எடுத்துட்டு இருக்கிற பொண்ணு. என்னா கதையோ."

"உன் பேரை எழுதிட்டேன் சரசு. கெளம்பு."

போதகரும் காலையில் அவளைப் பற்றித்தான் சொல்லியிருந்தார். நீ போய் விசாரி, என்ன பாவமானாலும் அறிக்கை செய்துவிட்டு வரச் சொல் என்று.

அருணாதேவி கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண். தொண்ணூற்று நாலில் தன்னந்தனியாக வந்து ஞானஸ்நானம் வாங்கினாள். அன்றோடு அப்பா வீட்டுக் கதவு மூடிக்கொண்டது. நாலு வருஷமாக இந்தச் சபைதான் அவளுக்கு வீடு. சபைப் பள்ளியில் தற்காலிக ஆசிரியை வேலை. நிரந்தர ஆர்டரில் கையெழுத்துப் போட வேண்டியவர் தாளாளர் ராஜேந்திரன். ஆலயத்துக்கு எட்டு மின்விசிறி வாங்கிக் கொடுத்த பெரிய மனிதர். நற்கருணையன்று போதகர் அப்பம் கொடுத்துக்கொண்டே போக, பின்னாலேயே ரசப் பாத்திரத்தை ஏந்தி ஒவ்வொருவர் உதட்டிலும் வைப்பவரும் அவர்தான்.

பௌர்ணமிக் கூட்டம் சாலையை அடைத்துக்கொண்டு மலை சுற்றப் போய்க்கொண்டிருந்தது. அதற்குள் புகுந்து தங்கம்மாள் அருணாதேவியின் அறைக்குப் போய்ச் சேர்ந்தாள். அங்கே இருந்த ஒரே நாற்காலியை அவளுக்குப் போட்டுவிட்டு, அருணாதேவி பரீட்சைத் தாள்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தாள். எவ்வளவு பெரிய பாவத்தையும் ஆண்டவர் மன்னிப்பார் என்று, வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்ததைத் தங்கம்மாள் சொல்லி முடித்தாள்.

"நான் என்னா பாவம் பண்ணேன்னு நீங்களே சொல்லுங்கம்மா" என்றாள் அருணாதேவி.

பிறகு தலைகுனிந்தபடியே சொன்னாள். மூன்று மாதத்துக்கு முன், சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு வேங்கிக்காலில் கட்டிக்கொண்டிருக்கும் தன் புது வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார் ராஜேந்திரன். பள்ளிக் கிளார்க்கும் அங்கே இருப்பார் என்றிருக்கிறார். போனபோது யாருமில்லை. மாடியறைக் கதவைத் தாழிட்டிருக்கிறார். அவள் கத்தியது பூசாத சுவர்களுக்கு மட்டும் கேட்டது. எல்லாம் முடிந்த பிறகு, அவளையும் முழங்காலிட வைத்து ஜெபம் செய்திருக்கிறார். கர்த்தர் மன்னித்துவிட்டார், நீயும் மறந்துவிடு, ஆர்டர் வரவேண்டும் அல்லவா என்றிருக்கிறார்.

"அதுக்கு அடுத்த மாசம் உங்ககிட்ட சொல்லத்தான் வந்தேன். கேட் வரைக்கும் வந்துட்டேன். உள்ளே அவரு உக்காந்து காபி குடிச்சிட்டிருந்தாரு. நீங்கதான் கொடுத்தீங்க."

அருணாதேவி பரீட்சைத் தாள்களை ஒதுக்கி வைத்தாள்.

"அந்தக் கை என் வாய்கிட்ட பாத்திரத்த நீட்டும். நான் எப்படிம்மா வாங்குவேன்?"

தங்கம்மாள் நாற்காலியிலிருந்து இறங்கி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். போலீசுக்குப் போனாலும் கலெக்டரிடம் போனாலும் கூடவே வருவேன் என்றாள். இப்போது வேண்டாம், என் பெயர் வெளியே வரக்கூடாது, இந்த வேலையும் போனால் நான் எங்கே போவேன் என்றாள் அருணாதேவி. தங்கம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, உன் பெயரைச் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாள்.

வீட்டில் போதகர் பிரசங்கக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு ராஜேந்திரன் பாத்திரத்தத் தொடக் கூடாதுங்க. ஒரு பொண்ணோட வாழ்க்கையில கை வெச்சிருக்காரு."

எந்தப் பெண் என்று அவர் கேட்கவில்லை. அதுதான் தங்கம்மாளைச் சுட்டது. பேனாவை மூடினார், திறந்தார். "மன்னிக்கணும்னுதானே ஆண்டவர் சொல்லியிருக்காரு. இதக் கெளப்பினா சபை ரெண்டா ஒடஞ்சிடும்."

"மன்னிப்ப எப்பவும் கீழ கெடக்கிறவங்ககிட்டயே கேக்குறீங்க. அந்தாள் ஒரு மாசமாவது பேரு கொடுக்காம இருந்தாரா?"

தங்கம்மாள் நோட்டைத் திறந்தாள். முதல் வரியில் எப்போதும் அவள் பெயர்தான். முப்பது வருஷப் பழக்கம். ரப்பரை எடுத்து அதை அழித்தாள்.

ஞாயிறன்று ஆண்கள் பக்கம் முதலில் முடிந்தது. அடுத்து பெண்கள். போதகரின் மனைவி எழுந்து முன்னால் நடந்த பிறகுதான் மற்றப் பெண்கள் எழுவார்கள். எங்கும் எழுதி வைக்காத ஒழுங்கு அது. முதல் பெஞ்சில் தங்கம்மாள் மடியில் கைகளைக் கோத்து உட்கார்ந்திருந்தாள்.

பாட்டின் கடைசி அடி இரண்டாம் முறையும் பாடி ஓய்ந்தது. போதகர் அப்பத் தட்டோடு அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் நின்ற ராஜேந்திரனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பாத்திரத்தின் விளிம்பை வெள்ளைத் துணியால் துடைத்தார். இன்னொரு முறையும் துடைத்தார்.

பின்னால் சரசுவின் வளையல்கள் ஒலித்தன. பாதி எழுந்தவள், தங்கம்மாளின் அசையாத முதுகைப் பார்த்தாள். பிறகு, அவள் பார்வை போகும் இடத்தைப் பார்த்தாள். மெல்ல மறுபடி உட்கார்ந்தாள். கதவோரக் கடைசி பெஞ்சில் அருணாதேவி தலையை நிமிர்த்தினாள்.

பீடத்துப் படியில், ஆண்கள் முழங்காலிட்டு எழுந்த குழிகள் நீண்ட சிவப்பு மெத்தையில் ஒவ்வொன்றாக மேலெழும்பிக்கொண்டிருந்தன.