வேலிக்கட்டை மேல் ஒரு குவளை

ஜூலை மாதமே சலோமா தோட்டத்தில் பாத்தி பாத்தியாகச் செலரி நட்டுவிட்டாள். அமெரிக்காவில் லங்காஸ்டர் பக்கத்து ஆமிஷ் கிறிஸ்தவர்களிடம் இதைவிடப் பெரிய தமுக்கு கிடையாது. அவ்வளவு செலரிக் கீரை கல்யாண விருந்துக்குத்தான் வேண்டும். வயதுக்கு வந்த பெண் இருக்கிற வீட்டில் அது மிதமிஞ்சி முளைத்தால் ஊருக்குத் தகவல் போய்ச் சேர்ந்துவிடும்.

"செலரி ஜோரா வந்திருக்கு. மாப்பிள்ளைதான் இன்னும் முளைக்கக் காணோம்" என்றாள் ரெபெக்கா சித்தி, பாத்தியோரம் நின்று.

"நவம்பர்ல பாருங்க சித்தி" என்றாள் சலோமா. சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கே நிச்சயமில்லை.

அவள் மனதில் இருந்தவன் யோஸ்ட். ஞானஸ்நானம் வாங்கியவன், சண்டைக்குப் போகமாட்டேன் என்று சபை முன்னால் வாக்குக் கொடுத்தவன். யுத்தம் வந்ததும் பட்டாளத்துக்குப் பதிலாக மற்றப் பையன்களோடு காட்டு முகாமில் மரம் நடப் போனான். அங்கேயே இருந்து தொலைத்திருக்கலாம். பாதியில் முகாமை விட்டுவிட்டு, பட்டாளத்தில் காயம்பட்டவர்களுக்குக் கட்டுப் போடும் வேலைக்குப் பேர் கொடுத்தான். துப்பாக்கியைத் தொடவில்லை, வாஸ்தவம். ஆனால் பட்டாளத்து உடுப்பு உடுப்புதானே. சபை அவனைத் தள்ளி வைத்தது.

தள்ளி வைத்தவனோடு பேசலாம். ஒரே மேசையில் சாப்பிடக் கூடாது, அவன் கையிலிருந்து எதையும் வாங்கக் கூடாது. யுத்தம் முடிந்து திரும்பிய யோஸ்ட், சலோமாவுக்குக் கொண்டுவரும் ஆப்பிளை வேலிக்கட்டை மேல் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து நிற்பான். பிறகுதான் அவள் எடுப்பாள். அவன் கைச்சூடு மிச்சமிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பாள். பைத்தியம் என்று சொல்லுங்கள், யார் வேண்டாம் என்றது.

அக்டோபர் கடைசியில் சபை சலோமா வீட்டுக் களஞ்சியத்தில் கூடுவதாக ஏற்பாடு. அன்று முழங்காலில் நின்று, செய்தது பாவம் என்று ஒப்புக்கொண்டால் அவனைச் சேர்த்துக்கொள்வார்கள், நவம்பரில் கல்யாணம். இல்லையென்றால் அவன் ஓஹையோவில் ஓர் ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்விடுவான். இவளும் கூடப் போனால் இவளையும் தள்ளி வைப்பார்கள். அப்புறம் சாகும்வரை அம்மாவோடு ஒரே மேசையில் ஒரு வாய் சாப்பிட முடியாது. அவனை விடவும் முடியவில்லை, அம்மாவை விடவும் முடியவில்லை.

சபை கூடுவதற்கு முதல்நாள் சாயங்காலம் யோஸ்ட் வேலியோரம் வந்தான்.

"உடுப்புப் போட்டது தப்புன்னு மனசாரச் சொல்றேன். பிஷப் அதோட விடமாட்டாராம். அங்க செஞ்சது எல்லாமே பாவம்னு சொல்லணுமாம்."

"சொல்லேன்."

"டெல்மர்னு ஒரு பையன், என் கையைப் புடிச்சுக்கிட்டே செத்தான் சலோமா. விட்டுடாதன்னான். உசிர் போற வரைக்கும் விடல. அதைப் போய் பாவம்னு எப்படிச் சொல்ல?"

"வாயால சொல்லு. மனசுக்குள்ள என்ன வேணா வச்சுக்கோ."

"ஆண்டவர் முன்னாடி முழங்கால் போட்டுக்கிட்டா?"

"எனக்காகச் சொல்லு. உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்." அவள் விசும்பி விசும்பி அழுதாள். "உன் கையிலேர்ந்து ஒரு வாய்த் தண்ணியாவது வாங்கிக் குடிக்கணும் யோஸ்ட். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

அவன் தன் வண்டிக் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொடுத்தான். கடைசியில் "சரி" என்றான்.

பொய்யே சொல்லிப் பழகாத பெண். ஒரு பொய் ஓர் ஆளை என்ன செய்யும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

ஞாயிறன்று களஞ்சியத்தில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நடுவில் யோஸ்ட் முழங்காலிட்டு, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

"போனது பாவம்னு ஒத்துக்கறியா?" என்று கேட்டார் பிஷப் ஜோனஸ்.

"ஒத்துக்கறேன்."

"அங்க நீ செஞ்சது எல்லாம்?"

வெளியே ஒரு குதிரை காலை உதைத்துக்கொண்டது. சலோமா பாவாடைத் துணியைக் கசக்கிப் பிடித்தாள். சொல்லுடா, சொல்லித் தொலை.

"ஒத்துக்கறேன்."

"வருத்தப்படறியா?"

"படறேன்." அந்தக் குரல் யாருடையதோ போலிருந்தது.

அவனை வெளியே அனுப்பிவிட்டு, பிஷப்பின் உதவியாளரான டீக்கன் ஒவ்வொருவரிடமும் குனிந்து சம்மதம் கேட்டு வந்தார். ஒருவர் மறுத்தாலும் காரியம் நின்றுவிடும். ரெபெக்கா சித்திகூடத் தலையாட்டிவிட்டாள்.

"உனக்கு?" என்றார் சலோமாவிடம்.

அவன் சொன்னது பொய் என்று அங்கே தெரிந்தவள் அவள் ஒருத்திதான். "சம்மதம்" என்றாள்.

அவனைக் கூப்பிட்டார்கள். பிஷப் கைகொடுத்துத் தூக்கிவிட்டு, கன்னத்தில் முத்தமிட்டார். சலோமாவின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆராதனை முடிந்து ரொட்டியும் ஊறுகாயும் மேசைக்கு வந்தபோது யோஸ்டைக் காணோம். வேலியோரத்து அடிகுழாயடியில் தகரக் குவளையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான். சலோமா ஓடினாள்.

"போடி போ, இனிமே யாரும் கேக்க மாட்டாங்க" என்று பின்னாலிருந்து சிரித்தாள் சித்தி.

சலோமா அவன் எதிரே நின்று இரண்டு கையையும் நீட்டினாள். "குடு."

அவன் தன் கையையே பார்த்தான். "அந்தப் பையன் புடிச்சிருந்த கை இது. விடமாட்டேன்னு சொன்னேன். இன்னிக்கு எல்லார் முன்னாடியும் விட்டுட்டேன்."

"நான்தானே கேட்டேன்? பாவம் என்மேல."

"நீ கேட்டே, சொன்னேன். உன்மேல கோபமில்ல. ஆனா உன் முகத்தைப் பாக்கும்போதெல்லாம் ஏன் விட்டேன்னு அவன் கேக்கறான்."

"நவம்பர் வரைக்கும் இரு. சரியாயிடும். நான் சரி பண்ணிடறேன்."

"சரியாகாது சலோமா. நாளைக்கு ஓஹையோ போறேன்."

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அவன் குவளையை வேலிக்கட்டை மேல் வைத்தான். பழையபடியே பின்னால் நகர்ந்து நின்றான். சபை அவனைச் சேர்த்துக்கொண்டு ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. பிறகு போய் வண்டியில் குதிரையைப் பூட்டினான்.

வண்டி மேடேறி மறையும்வரை அவள் அப்படியே நின்றாள். தள்ளி நின்றிருந்த அம்மாவுக்கு எதுவும் காதில் விழவில்லை.

"எடுத்துக் குடிடி. இனிமே தப்பில்ல" என்றாள் அம்மா.

சலோமா குவளையை எடுத்தாள். சூடு இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். கிணற்றுத் தண்ணீர், தகரம் சில்லென்றுதான் இருந்தது.