கேள்விக்குறி போட்ட செய்தி

அண்ணன் ஒரு செய்தித் தொலைக்காட்சியில் ஷிப்ட் ஆசிரியர், தன் நேரத்தில் எந்தச் செய்தி ஓட வேண்டும் என்று முடிவு செய்பவர். தங்கை பல்கலைக்கழகத்தில் ஊடக ஆராய்ச்சி செய்பவள். வதந்திகளைப் பற்றி முந்நூறு பக்கத்தில் ஆய்வேடு எழுதி முனைவர் பட்டம் வாங்கியவள். அதில் எட்டு இடங்களில் அண்ணனின் சேனல் வந்தது. எட்டும் கெட்ட உதாரணம்.

"நீ மூணு வருஷம் உட்கார்ந்து எழுதுவே டாக்டரம்மா. எனக்கு மூணு நிமிஷம்தான் டைம்," என்றார் அண்ணன், அவள் கொடுத்த ஆய்வேட்டைப் பிரிக்காமலே.

"அந்த மூணு நிமிஷத்துல நீங்க போடுறது மூணு நாள் ஊரைச் சுத்துதே அண்ணா."

அண்ணி குறுக்கே புகுந்து சாப்பிடக் கூப்பிட்டாள். அதன்பிறகு இருவரும் சந்தித்தால் மழை, மூட்டுவலி, வீட்டு வாடகை என்று பேசுவார்களே தவிர, வேலைப் பேச்சை எடுப்பதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் புதிய ஆய்வுக்காக வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் அட்டையில் செருகிய படிவங்கள். மக்கள் ஒரு செய்தியை எப்போது நம்புகிறார்கள் என்பதுதான் ஆய்வு. மணி மூன்றைத் தாண்டியிருந்தது. முட்டுச்சந்தின் கடைசி வீட்டில் ஒரு தையல்காரம்மா முன்னறையிலேயே மிஷினைப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். மேசைமேல் சின்ன டிவி, சத்தம் குறைவாக ஓடியது. அண்ணனின் சேனல்தான்.

"வீட்டில எத்தனை பசங்க, என்ன வயசு?"

"ஒரே பொண்ணு. ஒம்பது. இப்ப ஸ்கூல் விட்டு வந்துடுவா."

எழுதிக்கொண்டாள். பத்தாவது கேள்வி முடிந்தது. பதினொன்று: "ஒரு செய்தி டிவியில வந்தா நம்புவீங்களா?"

"டிவியிலயே வந்துடுச்சுன்னா அப்புறம் என்னங்க?" என்று சிரித்தபடி தையல்காரம்மா நூலைக் கடித்தார். கடித்தபடியே டிவியைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

அவளும் திரும்பினாள். திரையின் அடியில் சிவப்புப் பட்டையில் ஓடியது: கணக்கெடுப்பு என்ற பெயரில் வீடு வீடாக வரும் குழந்தை கடத்தல் கும்பல்? மக்களே உஷார்!

ஒரு நொடி அவளுக்கு ஆராய்ச்சிக்காரியின் புத்திதான் வந்தது. கேள்விக்குறி போட்டிருக்கிறார்கள், குறித்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தாள். அடுத்த நொடியில் திரும்பிப் பார்த்தாள். தையல்காரம்மா இப்போது டிவியைப் பார்க்கவில்லை. அவளுடைய மடியில் இருந்த படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, நான் பல்கலைக்கழகத்துல..." என்று அட்டையைத் தூக்கிக் காட்டினாள்.

தையல்காரம்மா எழுந்தார். கத்தரிக்கோலை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டார். "உட்காருங்க. எங்கேயும் போகாதீங்க," என்று சொல்லிவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினார். வெளித்தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

முதலில் இரண்டு பெண் குரல்கள். பிறகு ஒரு பைக் வந்து நின்றது. பிறகு பல காலடிகள். ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் முகங்கள் சேர்ந்தன. கையில் ஹெல்மெட் வைத்திருந்த ஒருவன் கம்பிக்குள் கையை விட்டு, ஜன்னலோர ஸ்டூலில் இருந்த அவளுடைய படிவக் கட்டைப் பிடுங்கினான். சத்தமாகப் படித்தான்.

"மூணாம் நம்பர் வீடு, ரெண்டு பசங்க, ஏழு, நாலு. அஞ்சாம் நம்பர், ஒரு பையன், ஆறு வயசு... டேய், தெருவுல இருக்கிற எல்லாப் பசங்க கணக்கையும் எழுதி வெச்சிருக்காடா!"

"இவகூட இன்னும் எத்தனை பேர்?"

"கதவைத் திறங்க, நாமளே கேட்போம்."

"அட்டை இருக்குங்க, பாருங்க," என்று அவள் நீட்டினாள்.

"அட்டை யாரு வேணா அடிச்சுக்கலாம்."

காவல் நிலையத்துக்குப் போன் செய்தாள். வழியில் நெரிசல், இருபது நிமிடம் ஆகும் என்றார்கள். அண்ணனுக்கு அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தாள். விரல் வேறு பெயரில் பட்டது. மூன்றாவது முறை எடுத்தார்.

"சொல்லும்மா, பிஸியா இருக்கேன்."

"அண்ணா, கீழே ஓடுதே, கடத்தல் கும்பல். எங்கேயிருந்து எடுத்தீங்க?"

"வாட்ஸ்அப்ல வந்தது. மத்த சேனல்காரனுங்க போட்டுட்டானுங்க, நாங்க பின்தங்க முடியுமா? கேள்விக்குறி போட்டுத்தானே..."

"அண்ணா, அந்தக் கும்பல் நான்தான்."

ஜன்னல் கம்பியில் ஒரு கல் வந்து மோதியது. அந்தச் சத்தம் அவருக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"எங்க இருக்கே?" அவர் குரல் மாறியிருந்தது. சின்ன வயதில் மாடிப்படியில் அவள் உருண்டு விழுந்தபோது ஓடிவந்த குரல்.

அவள் சொன்னாள்.

"இப்பவே எடுக்கிறேன். 'கடத்தல் கும்பல் என்பது வதந்தி'ன்னு..."

"வேண்டாம்!" என்று கத்தினாள். "அந்த வார்த்தையைத் திரும்பச் சொன்னா அதுதான் மண்டையில நிக்கும். நூறு பேரைக் கேட்டுப் பார்த்திருக்கேன் அண்ணா. வதந்திங்கிறது மறந்துடுது, கும்பல் மட்டும் நிக்குது. நான் யாருன்னு சொல்லுங்க. எதுக்கு வந்தேன்னு சொல்லுங்க. நீங்க போட்டது தப்புன்னு சொல்லுங்க. அவ்வளவுதான்."

"சரி. ஆனா கீழே வரியா ஓட்டினா வேலைக்கு ஆகாது. தெருவுல நிக்கிறவன் டிவியா பார்க்கிறான்? போன்தான் பார்ப்பான். ஒரு முகம் பேசணும், அதை வாட்ஸ்அப்புல விடணும். இருபது செகண்டு, அதுக்கு மேல ஒருத்தனும் பார்க்க மாட்டான். அங்க டிவி இருக்கா?"

"இருக்கு."

"சத்தத்தை முழுசா வை. ஜன்னல் பக்கம் திருப்பு. போனை வைக்காதே."

டிவியைத் தூக்கப் போனாள். ஒயர் எட்டவில்லை. மேசையோடு சேர்த்து இழுத்தாள். தையல் மிஷின்மேல் இருந்த துணிகள் சரிந்தன. கதவில் யாரோ உதைத்தார்கள். தாழ்ப்பாளை யாரும் விலக்கவில்லை. கதவை ஒட்டித் தையல்காரம்மாவின் குரல் மட்டும் கேட்டது: "என் வீட்டுக் கதவை உதைக்காதே! போலீஸ் வரட்டும்!" காப்பாற்றுகிறாரா, பிடித்து வைத்திருக்கிறாரா என்று அவளுக்குப் புரியவில்லை. தையல்காரம்மாவுக்கே புரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

செய்தி வாசித்துக்கொண்டிருந்த பெண் திடீரென்று பக்கவாட்டில் பார்த்தாள். நாற்காலியை விட்டு எழுந்தாள். அந்த இடத்தில் அண்ணன் வந்து உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருட வேலையில் ஒருமுறைகூடத் திரையில் வராதவர். சவரம் செய்யாத முகம், சட்டைப் பையில் இரண்டு பேனா, காதோரம் வியர்வை.

"கணக்கெடுக்க வர்றவங்களைப் பத்தி நாங்க போட்ட செய்தி தப்பு. விசாரிக்காம போட்டோம். இப்ப ஒரு தெருவுல ஒரு வீட்டுக்குள்ள அடைபட்டு இருக்கிறது ஒரு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர். நீங்க செய்தி எப்படிப் பார்க்கிறீங்கன்னு கேட்க வந்தவங்க. அவங்க என் கூடப் பிறந்த தங்கை. தயவுசெஞ்சு பத்திரமா அனுப்பி வைங்க."

திரையில் அவளுடைய படம் வந்தது. அண்ணியின் போனில் எப்போதோ எடுத்தது, முடி கலைந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் டிவிக்குப் பக்கத்தில், கம்பிக்கு அருகே முகத்தைக் கொண்டுபோய் நின்றாள்.

வெளியே ஒரு போன் கிணுங்கியது. பிறகு இன்னொன்று. யாருடைய போனிலிருந்தோ அண்ணனின் குரல் மறுபடி வந்தது. ஜன்னலில் இருந்த முகங்கள் குனிந்தன, நிமிர்ந்து அவளைப் பார்த்தன, மறுபடி குனிந்தன.

"அதே பொம்பளைதான்டா."

ஹெல்மெட்காரன் மட்டும் நகரவில்லை. "டிவியில ஆயிரம் சொல்லுவான்," என்றான். ஆனால் அவனுக்குப் பின்னால் கூட்டம் கலைந்திருந்தது. தனியாக நிற்பது தெரிந்ததும் படிவங்களைத் தரையில் போட்டுவிட்டுப் போனான்.

தையல்காரம்மா கதவைத் திறந்தபோது பள்ளிப் பையோடு மகள் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவர் அவளுடைய கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. "நீங்களா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பீங்க," என்றார். அவள் குனிந்து தரையில் கிடந்த படிவங்களைப் பொறுக்கத் தொடங்கினாள்.

போலீஸ் வண்டியில் ஏறிய பிறகுதான் மற்றது தெரிந்தது. நான்கு தெரு தள்ளி, தண்ணீர் மீட்டர் பார்க்கும் ஒருவரை அடித்துப் போட்டிருந்தார்கள். அவர் கையிலும் ஒரு நோட்டு இருந்தது. அடி விழுந்தது, அண்ணன் திரையில் வந்ததற்குப் பத்து நிமிடம் முன்பு.

சேனல் முதலாளி அண்ணனை ஒரு மாதம் வீட்டிலேயே இருக்கச் சொன்னார். தப்பான செய்தி போட்டதற்கு இல்லை, தன்னைக் கேட்காமல் மன்னிப்புக் கேட்டதற்கு. இரண்டாம் நாள் அவர் தங்கை வீட்டுக்கு வந்தார். ஆய்வேட்டைக் கையில் வைத்திருந்தார். பாதிவரை பென்சில் கோடுகள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கே. ஆனா இதை எவனும் ஷிப்டுல படிக்க மாட்டான். ஒரே பக்கமா எழுதணும். ஒவ்வொரு வரியும் செய்தி போடுறதுக்கு முன்னாடி செய்யவேண்டிய வேலையா இருக்கணும். நீ சொல்லு, நான் எழுதறேன்."

மூன்று நாள் சண்டை போட்டு ஒரு பக்கம் எழுதினார்கள். அவள் சேர்த்ததை அவர் அடித்தார், அவர் அடித்ததில் பாதியை அவள் மீட்டாள். சேனலின் செய்தி டெஸ்கில் இருந்த நண்பர் ஒருவர் அதை மானிட்டர்களுக்கு மேலே ஒட்டினார். ஒட்டியது நிற்கிறதா என்று அண்ணன் தினமும் போன் செய்து கேட்டார்.

அந்த வாரம் முழுக்க வீட்டு மணியை யார் அடித்தாலும் அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறந்தாள்.

அடுத்த வார ஞாயிறன்று இருவரும் மருத்துவமனைக்குப் போனார்கள். மீட்டர்காரருக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை. தலை முழுக்கக் கட்டு. பக்கத்தில் அவர் மனைவி அமர்ந்திருந்தார். யார் என்று கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் சொல்லிவிட்டார்.

"டிவியில அந்த வரியைப் போட்டது நான்தாங்க."

அந்த அம்மா கத்துவார், அடிப்பார் என்று அவள் பயந்தாள். அவர் அப்படி எதுவும் செய்யவில்லை.

"முழிச்சதும் என்னை ஏன் அடிச்சாங்கன்னு கேட்பாரு," என்றார். "எனக்குச் சொல்லத் தெரியல. நீங்க இருந்து சொல்லுங்க."

ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காலால் நகர்த்திப் போட்டார். அண்ணன் உட்கார்ந்தார். அவர் போனை அணைத்துப் பையில் போடுவதை அவள் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தாள்.