பீரோவுக்கு மேலே போகக் கூடாத வாத்து

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எரிச்சலிலிருந்து. அக்கா வீட்டுப் படுக்கையறையில் ஒரு இரும்பு பீரோ இருக்கிறது. அவள் மகனுக்கு (வீட்டில் எல்லோருக்கும் அவன் 'உருண்டை') முதல் பிறந்தநாளில் வந்த பொம்மைகள் எல்லாம் அதன் தலைமேல், பெட்டி பிரிக்காமல் அடுக்கியிருக்கின்றன. நான் கொடுத்த ரயிலும் அங்கேதான். நாளை அவனுக்கு இரண்டு வயது முடிகிறது.

மாலை நேர எழுத்து வகுப்பில், "உங்களத் தூங்க விடாத ஒண்ணைப் பத்தி எழுதுங்க" என்றார் ஆசிரியர். மற்றவர்கள் காதல், மரணம் என்று எடுத்துக்கொண்டார்கள். நான் பீரோவை எடுத்துக்கொண்டேன்.

2

தொடக்கம் அ: 'பீரோவின் மேல் ஒரு சின்ன நகரம் உறங்கிக்கொண்டிருந்தது.'

(அடித்துவிட்டேன். அழகாக எழுத எழுதக் கோபம் ஆறிப்போகிறது.)

தொடக்கம் ஆ: 'தாய்மை என்பது ஒரு—'

(இதை எழுதியது நான்தானா?)

தொடக்கம் இ: உருண்டை பீரோவின் முன் நின்று இரண்டு கைகளையும் மேலே நீட்டுகிறான். "தூக்கச் சொல்றான் பாரு" என்று அக்கா அவனைத் தூக்கிக் கொஞ்சுகிறாள். அவன் அவள் தோளுக்கு மேலாகப் பெட்டிகளை எட்டப் பார்க்கிறான்.

இது இருக்கட்டும். இதை நான் கண்ணால் பார்த்தேன்.

3

முதல் வரைவைப் படித்த ஆசிரியர் சொன்னார்: "அக்காவ ரொம்பக் கெட்டவங்களாக் காட்டிட்டீங்கம்மா. அவங்க பக்கத்து நியாயம் எங்க?"

நியாயமா! சரி, எதையும் முறைப்படி செய்வோம் என்று அக்காவிடமே போனில் கேட்டேன்.

"அதையெல்லாம் எப்பத்தான் அவன்கிட்ட குடுப்ப?"

"விவரம் தெரியட்டும்டி. இப்ப குடுத்தா ஒரே நாள்ல உடைச்சிடுவான்."

"உடைக்கட்டுமே. அதுக்குத்தானே வாங்கினேன்."

"ஆமா, மகராசி நீ வாங்கிக் குடுத்துட்டுப் போயிடுவ. ராத்திரி கால்ல குத்துறது எனக்குத்தானே? இங்க பாரு, இந்தத் தடவையும் ஏதாவது வாங்கறதா இருந்தா பெட்டி நசுங்காம கொண்டு வா."

விவரம் தெரிந்த பிள்ளைக்கு அந்த ரயில் எதற்கு? பள்ளிக்கூடம் போகிறவன் அதைத் திரும்பியாவது பார்ப்பானா? பெட்டியின் மேல் 'இரண்டு வயதுக்கு' என்று அச்சடித்திருக்கிறது. அந்த வயது இப்போதே நடந்துகொண்டிருக்கிறது, பீரோவுக்குக் கீழே!

* அக்கா பக்கம், நேர்மையாக: மாமா வேலை முடிந்து வருவதற்குள் அந்த வீட்டில் சிந்துவதையும் சிதறுவதையும் பொறுக்குவது அவள் ஒருத்திதான். இதை எழுதிய பிறகும் என் கோபம் குறையவில்லை. குறைய வேண்டும் என்று நினைக்கிறேனா என்பதிலும் சந்தேகம்.

4

ஆகவே பெட்டிக்குள் திரும்பிப் போக முடியாத ஒரு பரிசு வேண்டும். கடையில் ஒரு மர வாத்து இருந்தது. கயிற்றைப் பிடித்து இழுத்தால் சக்கரத்தில் உருண்டு தலையாட்டும்.

"பெட்டி வேணாம்ண்ணா."

"பரிசுன்னீங்களேம்மா?" என்றார் கடைக்காரர்.

"பரிசுதான். அதான் வேணாம்."

"பெட்டி இல்லன்னா மாத்தித் தர முடியாது."

"மாத்தவே முடியாதபடி ஆக்கத்தான் போறேன்."

அவர் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

வாத்தைச் சாலையோரம் இறக்கி இழுத்துக்கொண்டே நடந்தேன். சக்கரம் நிறையச் சேறு. மூக்கில் சாயம் போனது. "வாத்துக்கு வழி விடுங்கப்பா!" என்று ஒரு ஆட்டோக்காரர் கத்தினார்.

(கடையிலிருந்து வீடு வரை இழுத்ததாகத்தான் முதலில் எழுதினேன். உண்மையில் தெருமுனை வரைதான். ஆட்டோக்காரருக்குப் பிறகு வெட்கம் வந்து கையில் எடுத்துக்கொண்டேன். மீதிக் கீறல்களை வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து போட்டேன்.)

5

நேற்று அக்காவுக்கு வாத்தைப் படம் பிடித்து அனுப்பினேன். உடனே போன்.

"என்னடி இது, யார் வீட்டுப் பழசு?"

"புதுசுதான். நான்தான் தேய்ச்சேன்."

"எதுக்கு?"

"நீ எடுத்துப் பத்திரப்படுத்தக் கூடாதுன்னு."

"என் வீட்ல எத எங்க வைக்கணும்னு நீ எனக்குச் சொல்லித் தர்றியா? எல்லார் முன்னாடியும் என் புள்ளைக்குக் குப்பையக் குடுக்கப் போறியா? அதோட வர்றதா இருந்தா வராத."

வைத்துவிட்டாள். நான் செய்தது சரி என்று அப்போது தோன்றியது. எழுதும்போது பாதிதான் தோன்றுகிறது. அந்தப் பாதி போதும்.

6

முடிவு அ: அக்கா ஈரத்துணியால் வாத்தைத் துடைத்து, ஒரு பையில் போட்டு, பீரோவுக்கு மேலே—

(நடக்கக்கூடியது இதுதான். அதனாலேயே எழுதக் கை வரவில்லை.)

முடிவு ஆ: உருண்டை கயிற்றை இழுக்க, வாத்து தலையாட்ட, அக்கா கண்கலங்கி—

(வகுப்பில் கைதட்டுவார்கள். என் அக்காவை ஒரு வாத்து அழ வைக்காது.)

முடிவு இ: கதவு திறக்கவே இல்லை.

நாளை நான் போகத்தான் போகிறேன். ஆனால் கதையை இன்றே ஒப்படைத்தாக வேண்டும். எனவே முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அக்கா என்னைத் திட்டட்டும், வந்தவர்கள் சிரிக்கட்டும், வாசலோடு திரும்பி வருகிறேன். அவள் என்னோடு பேசாமல் போனாலும் எழுதிக்கொள்ளுங்கள்; அவள் பக்கத்து நியாயத்தை என்னைவிட நன்றாகச் சொல்ல முடிந்தால் அதையும் சொல்லுங்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன்.

வாத்தை மட்டும் தரையில் விடுங்கள்.