நான் கொட்டாத உம்

சின்னம்மாளின் முகத்தையோ நிறத்தையோ பார்த்து நான் பொறாமைப்படவில்லை. அதிலெல்லாம் அவள் என்னைவிட ஒரு மாற்றுக் கம்மிதான். எனக்கு வயிறு எரிந்ததெல்லாம் அவள் வாயிலிருந்து வந்த ஒரு ‘உம்’மைக் கேட்டுத்தான்.

தர்மபுரி தனி ஜில்லாவான மறு வருஷம் அது. எங்கள் ஊர் பொம்மிடி பக்கம். ஆடி பிறந்தால் விதைக் கடலை உரிக்க வேண்டும். மிஷினில் போட்டால் பருப்பு உடைந்துவிடும், முளைக்காது. கையால்தான் உரிக்க வேண்டும். இன்றைக்கு உன் வீடு, நாளைக்கு என் வீடு என்று ஊரே மாறி மாறிப் போய் உட்காரும். கோயிலுக்குப் போகிறவர், சர்ச்சுக்குப் போகிறவர் என்ற பேதமெல்லாம் அதில் கிடையாது. உரிக்க உரிக்க விரல் நுனி காந்தும். அது தெரியாமலிருக்க யாராவது கதை சொல்ல வேண்டும். அந்த யாராவது, என் வீட்டுக்காரர் இன்னாசிராஜ்.

வீட்டில் அவருக்குப் பேச்சே கிடையாது. “தண்ணி குடு”, “மாட்ட அவுத்துக் கட்டு”, அவ்வளவுதான். கல்யாணமாகி நாலு வருஷமாக இதே பாட்டுதான். அதே மனுஷர் அடுத்த வீட்டுக் கடலை மூட்டைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் ராஜாவுக்கு ஒரு குரல், ராட்சசனுக்கு ஒரு குரல், அழுகிற ராணிக்கு ஒரு குரல் என்று வெளுத்து வாங்குவார். எனக்குக் கொடுக்காத வார்த்தையையெல்லாம் எங்கே சேர்த்து வைத்திருக்கிறார் என்று ஆத்திரமாக வரும்.

அதற்கு உம் கொட்டுவது சின்னம்மாள். பக்கத்து வீட்டு முனியப்பன் பெண்டாட்டி. அவள் வந்து உட்காராமல் இவர் ஆரம்பிக்க மாட்டார். ராஜா காட்டுக்குப் போனால் ஒரு உம், புலி வந்தால் வேறு உம், ராணி அழுதால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரு உம். இவரும் அவள் பக்கம் திரும்பித்தான் சொல்வார். “அண்ணா, அண்ணா” என்றுதான் அவரைக் கூப்பிடுவாள். வாயால் கூப்பிட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

என் அப்பா சர்ச்சில் உபதேசியார். ஜெபம் முடிந்ததும் அர்ச்சிஷ்டவர்கள் என்கிற புனிதர்களின் சரித்திரம் வாசிப்பார். நடுவில் இருமினால்கூட முறைப்பார். கதை கேட்கிறவள் வாய் திறக்கலாமா? எனக்கு அந்த உம் முழுக்கக் கொழுப்பாகத்தான் தெரிந்தது.

அந்த வருஷம் எங்கள் வீட்டு முறை வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, உரிக்க வரச் சொல்லி வீடு வீடாகப் போனேன். சின்னம்மாள் வீட்டை மட்டும் பார்க்காதது போலத் தாண்டி நடந்தேன்.

மத்தியானம் வாசல் நிறைய ஆட்கள். இவர் ஒரு கை காயை அள்ளிக்கொண்டு, “ஒரு ஊருல ஒரு ராஜா” என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். சுற்றிப் பார்த்தார்.

“சின்னம்மா எங்க?”

அத்தனை பேர் முன்னாலும் கேட்டார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

“ஏன், நான் இல்லீங்களா? நான் கொட்டறேன், சொல்லுங்க.”

சொன்னார். நானும் கொட்டினேன். ஜெபமாலைக்குப் பதில் சொல்லுகிற மாதிரி, அவர் மூச்சு விட்ட இடத்திலெல்லாம் உம் என்றேன். ராஜா வாயைத் திறக்கும் முன்பே உம். செத்தவனுக்கும் உம், பிறந்தவனுக்கும் உம். எதிர் வீட்டுச் சவுரியப்பன் பெண்டாட்டி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். இவர் ரெண்டு தரம் தடுமாறினார்.

“இன்னிக்குக் கதை வரலைங்க” என்று எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். கதை இல்லையென்றதும் ஒவ்வொருத்தராகக் கிளம்பினார்கள். பாதி மூட்டை அப்படியே கிடந்தது. மழை பெய்து நிலம் ஈரமாக இருந்தது. விதைக்கும் முன்னால் அது காய்ந்துவிட்டால் அந்த வருஷத்துக் கடலையே போச்சு.

மறுநாள் காலையில் வேறு வழியில்லாமல் சின்னம்மாள் வீட்டுக்குப் போனேன். களத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

“நேத்து மறந்துட்டங்க்கா. இன்னிக்கு வாங்க.”

“மறந்தியா?” துடைப்பத்தைப் போட்டாள். “ஏ புள்ள வியாகுலம், உன் வூட்டுக்காரரு உனக்கொரு கதை ஆரம்பிச்சாராமே, கண்ணாலம் ஆன புதுசுல? ராஜா மவன் கெணத்தடிக்கு வந்தான்னு சொல்லிட்டு நின்னாராம். நீ உம்முன்னே சொல்லலியாம். நம்ம கதை இவளுக்குப் புடிக்கல போலன்னு வுட்டுட்டாராம். இந்த ஊருல உம் நின்னா, போதும் நிறுத்துன்னுதான புள்ள அர்த்தம்?”

எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. பாயில் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் நிறுத்தினார். நான் காத்திருந்தேன். அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குள் என்மேல் சலிப்பு வந்துவிட்டதென்று விடிய விடிய அழுதேன்.

ஆனால் முதலில் வாயில் வந்தது வேறு. “இதெல்லாமா உங்ககிட்டச் சொல்றாரு?”

“நான் நச்சரிச்சேன், சொன்னாரு. அந்தக் கெணத்தடிக் கதைய முழுசாச் சொல்லுங்கண்ணான்னு எத்தினி வருசமாக் கெஞ்சறேன். ‘அது அவளுக்கு ஆரம்பிச்சது’ம்பாரு, அதோட சரி. ஊரு முச்சூடும் கேக்கற கதைதான் எனக்கு. உன்னைப் பாத்தா எனக்கு எம்புட்டு வவுத்தெரிச்சல் தெரியுமா?”

சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு நடந்தாள். அன்று மூட்டை காலியாயிற்று. அவள்தான் உம் கொட்டினாள். எனக்கு எரியத்தான் செய்தது, கொஞ்சம் கம்மியாக.

பொழுது சாய்ந்ததும் களி கிண்டி அவருக்குத் தட்டில் வைத்தேன். எதிரே உட்கார்ந்து, “உம்” என்றேன்.

“என்ன?”

“ராஜா மவன் கெணத்தடிக்கு வந்தான். உம்.”

பிட்ட களி கையிலேயே நின்றது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வந்தானா” என்றார் மெதுவாக. அது ராஜா குரலுமில்லை, ராட்சசன் குரலுமில்லை. “வந்து பாத்தா, தண்ணி சேந்திக்கிட்டு ஒருத்தி நிக்கிறா.”

“உம்.”

“யாரு நீன்னு கேக்கறான். அவ வாயத் தொறக்கவே இல்ல.”

“உம்” என்றேன்.

களி ஆறிப்போயிற்று. கதை முடிந்ததும் அவர் கையைக் கழுவிக்கொண்டார்.

“இந்தக் கதைய கடல உரிக்கற எடத்துல சொல்லக் கூடாது” என்றேன்.

“சின்னம்மா கேட்டா?”

“கேட்டுக்கிட்டே இருக்கட்டும்.”