தலைவர் வீட்டுக் காபி

அறுபத்தெட்டில், கீழ்க்கட்டளையை அடுத்த எங்கள் ஊரின் பஞ்சாயத்துக் கோர்ட்டுக்கு நாங்கள் ஐந்து பேர் மெம்பர்கள். அடிதடி, வேலித் தகராறு, பொதுவழி மறிப்பு போன்ற சில்லறை வழக்குகள் எங்களிடம் வரும். வருடந்தோறும் எங்களில் ஒருவரை நாங்களே தலைவராகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது சட்டம். வழக்கம் வேறு. தேர்தல் நாளன்று, தலைவராக இருக்கும் சம்பந்தத்தின் வீட்டுக் கூடத்தில் கூடுவோம். உள்ளிருந்து காபி வரும். குடித்தவர் சம்மதித்தவர். சம்பந்தமே மறுபடி தலைவர்.

அந்த வருடம் அஞ்சம்மாளின் வழக்கு நின்றுகொண்டிருந்தது. பால் விற்பவள். விடியற்காலையில் அவள் பல்லாவரம் ஸ்டேஷனுக்குப் போகும் வழியைச் சம்பந்தத்தின் மச்சான் சம்பத் முள்கம்பி போட்டு அடைத்துவிட்டார்; மனை பிரித்து விற்கிறாராம். ஏரிக்கரையைச் சுற்றிப் போனால் ரயில் போய்விடுகிறது. பாதி வாடிக்கையும் போய்விட்டது. வழக்கைக் கூப்பிட்டால் சம்பந்தம் ஒரே வார்த்தைதான் சொல்வார்: "வாய்தா." மனைகள் விற்றுத் தீரும்வரை அது மாறப்போவதில்லை. தலைவர் மாறினால்தான் உண்டு.

அந்த வருடத் தேர்தலன்றும் காபி வந்தது. சம்பந்தம் குடித்தார். அவருடைய பங்காளி குடித்தார். பெண்களுக்கான இடத்தில் மெம்பரான கிளியம்மாள், சந்தையில் மாட்டுக்கயிறு விற்பவர், டம்ளரைத் தொடவில்லை.

"இன்னா கிளியம்மா, காபி ஆறுதே?" என்றார் சம்பந்தம்.

"ஆறட்டும்ணா."

"சக்கரை பத்தலியா?"

"சக்கரை ஜாஸ்தி. வருசா வருசம் அதான் தொண்டைல நிக்குது."

ஜெபராஜ் வாத்தியார் தம் டம்ளரைக் கிளியம்மாளின் டம்ளருக்குப் பக்கத்தில் நகர்த்தினார். என்னுடையது கையில் சுட்டுக்கொண்டிருந்தது. பக்கத்துத் தோட்டக்காரரோடு எனக்கிருந்த வேலித் தகராறும் நாளைக்கு இந்த மனிதரிடம்தான் வரும் என்று ஒரு கணம் தோன்றியது. நானும் கீழே வைத்தேன். மூன்று டம்ளர்களிலும் ஆடை படிந்தது.

"சாலமோன் சார், நீங்களுமா?" என்றார் சம்பந்தம்.

"கிளியம்மாள் தலைவராக இருக்கட்டும் சார்" என்றேன். வாத்தியார் தலையசைத்தார்.

சம்பந்தம் எழுந்து நின்றார். "இது என் வூடு. மேசை என்னுது. நாற்காலி என்னுது. எங்க ஒக்காந்து தீர்ப்பு சொல்லுவ?"

"நாற்காலிய நீங்களே வச்சிக்கங்கண்ணா. கோர்ட்ட நாங்க எடுத்துக்கினு போறோம்."

நேரே முள்கம்பி வேலிக்குப் போனோம். பின்னாலேயே ஊர் திரண்டு வந்தது. அங்கே நட்டிருந்த மனைக்கல் ஒன்றின் மேல் கிளியம்மாள் உட்கார்ந்தார். வழக்கப்படி நான் பிரதிவாதியின் பெயரை மூன்று முறை உரக்கக் கூப்பிட்டேன். மூன்றாவதற்குச் சம்பத் சட்டையை மாட்டிக்கொண்டே ஓடிவந்தார்.

"எனக்கு வாய்தா வேணும்."

"வாய்தாலாம் உங்க மச்சான் வூட்டு நாற்காலிலயே கீது. இங்க இல்ல. இது ஊரு வழியா, இல்லியா?"

சம்பத் மச்சான் வீட்டுப் பக்கம் பார்த்தார். அங்கிருந்து யாரும் வரவில்லை.

"வழிதான்... ஆனா..."

"அப்ப வேலியப் பிரி."

"ஆளு இல்ல."

"ஊரே நிக்குது, ஆளு இல்லியாமே!"

கூட்டத்தில் நின்றிருந்த அஞ்சம்மாள் பால்கேனைக் கீழே வைத்துவிட்டு, முதல் கம்பத்தைப் பிடித்து ஆட்டினாள்.

"நான் அப்பீலு போவேன்!" என்று கத்தினார் சம்பத்.

"தாராளமா போ" என்றார் கிளியம்மாள். "ஏரிக்கரைய சுத்திக்கினு போவாத. இப்படியே போ, ரயிலு கெடைக்கும்."