ஜொகூர் பொண்ணு

மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் பார்க்க வரணும் என்பது மன்னார்குடி வழக்கம். சிங்கப்பூரில் பெண்தான் லிஃப்ட் ஏறிப் போகணும் போலிருக்கிறது. இங்கே வேலைக்கு வந்திருக்கும் பவித்ராவுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. இத்தனை நாள் காதலித்துவிட்டு ரஞ்சன் ஒருவழியாக “வீட்டுக்கு வா, அம்மாவைப் பாரு” என்று வாயைத் திறந்தானே, அதுவே பெரிய விஷயம். தேக்கா மார்க்கெட்டில் மல்லிகைப் பூவும் பால்கோவாவும் வாங்கிக்கொண்டு புக்கிட் மேராவில் அவன் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

ஊரில் அப்பா பாஸ்போர்ட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார். “சம்பந்தி வீட்டுக்கு எப்பம்மா வரட்டும்?” என்று போன் போட்டாலே நச்சரிப்பு. “பொறுமையா வரட்டும்” என்று ரஞ்சன்தான் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தான். இன்று அவன் அம்மா கமலா தலையாட்டிவிட்டால் அப்பாவை வரச் சொல்லிவிடலாம்.

“உள்ள இங்கிலீஷ்லயே பேசு. அவங்களுக்கு அதான் ஈஸி,” என்றான் ரஞ்சன், செருப்பைக் கழற்றியபடி. சரி, அதற்கென்ன என்று விட்டுவிட்டாள்.

கமலா மீன்தலைக் கறி வைத்திருந்தார். “கூச்சப்படாம சாப்பிடுமா” என்று அள்ளி அள்ளிப் போட்டார். நல்ல மனுஷிதான். ரஞ்சனின் தாய்மாமன் பாலகிருஷ்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே பழைய கதையை ஆரம்பித்தார்.

“எங்க தாத்தா நாகப்பட்டினத்துல கப்பல் ஏறுறப்ப கட்டின வேட்டிதான் சொத்து. ஹார்பர்ல மூட்டை தூக்கினாரு. அப்ப வந்தவன் உழைச்சான்லா. இப்ப இந்தியாவுலேர்ந்து வர்றானுங்களே ஊர்க்காரனுங்க! லேப்டாப்பத் தூக்கிட்டு வந்து இறங்குறான், நீச்சல்குளம் வெச்ச காண்டோல குடியேறுறான், நம்ம புள்ளைங்க வேலைல உக்காந்துக்கிறான். அவனால பஸ்ல எவனோ என்னையே பார்த்து ‘உங்க ஊருக்குத் திரும்பிப் போ’ங்கிறான். இங்க பொறந்தவன் நான்! எனக்கு ஏது வேற ஊரு?”

கடைசிக் கேள்வியில் அவர் சோறு பிசைவதையே நிறுத்திவிட்டார். பவித்ராவுக்கே பாவமாகத்தான் இருந்தது. ஆனால் ரஞ்சன் இப்போது ஏதாவது சொல்வான், ‘போதும் மாமா’ என்றாவது சொல்வான் என்று அவனைப் பார்த்தாள். அவன் இன்னொரு துண்டு மீன் போட்டுக்கொண்டான்.

“நீயே சொல்லுமா,” என்று பாலகிருஷ்ணன் இவள் பக்கம் திரும்பினார். “உங்க ஜொகூர்ல இந்தத் தொல்லை இல்லல்ல?”

ஜொகூரா?

“மலேசியாப் பொண்ணுன்னு ரஞ்சன் சொன்னப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு,” என்றார் கமலா. “ஊர்க்காரப் பொண்ணுன்னா வாசப்படி ஏத்தியிருக்க மாட்டேன்.”

மேஜைக்கடியில் ரஞ்சனின் கால் அவள் காலை அழுத்தியது. அடப்பாவி! காதைப் பொத்தி ஒன்று விட்டால் என்ன என்று வந்தது அவளுக்கு. ஆனாலும் மனசு கேட்கவில்லை, இவ்வளவு நாள் பழகினவன் ஆயிற்றே. அவன் வாயால் உண்மை வரட்டும் என்று கொஞ்சம் பொறுத்தாள்.

“அவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும் மாமா, அவ ஜொகூர்லா,” என்று சிரித்தான் அவன்.

“நான் மன்னார்குடி, அங்கிள்,” என்றாள் பவித்ரா, நல்ல தமிழிலேயே. “லேப்டாப்பத் தூக்கிட்டு வந்தவதான்.”

கமலாதான் சமாளிக்கப் பார்த்தார். “உன்னைப் பார்த்தா அப்படித் தெரியலியேமா,” என்றார். மனசார ஆறுதலாகத்தான் சொன்னார். மாமா பேசின பேச்சைவிட அதுதான் சுருக்கென்று தைத்தது. எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

ரஞ்சன் லிஃப்ட்வரை ஓடி வந்தான். “ஏன் சொன்ன? கல்யாணம் ஆகட்டும், நானே மெதுவா எடுத்துச் சொல்லியிருப்பேன்ல?”

“கல்யாணத்துக்கு எங்கப்பா வருவாரே? அவரை எந்த ஊருன்னு சொல்லியிருப்ப?”

“அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம் பவி.”

“கேக்குறேன்ல, சொல்லு!”

“அவர் வர மாட்டாருன்னு சொல்லியிருக்கேன்.”

“ஏன் வர மாட்டாரு?”

“அவர் தவறிட்டாருன்னு...” என்று முனகினான். “சும்மா ஒரு பேச்சுக்குத்தான் பவி. அப்புறம் சரி பண்ணிக்கலாம்னு நெனச்சேன்.”

பவித்ராவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவன் முன்னால் அழுவதா? லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே போய்த் திரும்பி நின்றாள்.

“கருமாதி என்னைக்குன்னு உங்கம்மாகிட்ட கேட்டுச் சொல்லு,” என்றாள். “எங்கப்பாவையே அனுப்பி வெக்கிறேன். அவரே வந்து சாப்பிட்டுட்டுப் போகட்டும்.”

அவன் கையை நீட்டுவதற்குள் கதவு மூடிக்கொண்டது.